ஃபியூஸ் ஆகாத பல்பும் கோமதிநாயகம் அண்ணாச்சியும்

கோமதிநாயகம் அண்ணாச்சி காலமானார் என்ற செய்தி போன செவ்வாய்க்கிழமை காலை வாட்ஸ்அப்பில் வந்தது. நான் நம்பவில்லை. எங்கள் ஓய்வுபெற்றோர் குழுவை நம்பி ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விட முடியாது. சென்ற ஓணத்துக்கு முன்பு, உயிரோடு இருக்கும் ஒருவருக்கு ஆளாளுக்கு மலர்வளையப் படம் அனுப்ப, கடைசியில் அவரே வந்து எல்லோருக்கும் கை கூப்பி நன்றி தெரிவித்தார். ஆகவே சுகுமாரனுக்குப் போன் செய்தேன். சுகுமாரன் அண்ணாச்சியுடன் ஒரே பிரிவில் வேலை பார்த்த எலக்ட்ரீசியன். அவருடைய நெருங்கிய தோழர்.

"உள்ளதுதான் மேடம். காலையில காப்பி குடிச்சிட்டு இருந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்துட்டேதான் மேடம் நிக்குறேன்" என்றார். அவர் குரல் உடைந்தது. அதற்குப் பிறகுதான் நம்பினேன்.

இந்த அஞ்சலியை எழுதச் சொன்னவர் எங்கள் சங்கச் செயலாளர். அண்ணாச்சியைப் பாராட்டி எழுத எத்தனையோ பேர் இருக்கையில் என்னை ஏன் கேட்டார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. பழையதை மனதில் வைத்துக்கொண்டு என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். அது உண்மையாக இருந்தாலும் சரி, எழுதிவிடுகிறேன். எழுத வேண்டிய கடமை என்னைவிட அதிகமாக வேறு யாருக்கும் இல்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவனந்தபுரம் நகரத்தில், உத்தரம் உயர்ந்த பழைய அரசுக் கட்டடம் ஒன்றின் மின்பிரிவில் அவர் எலக்ட்ரீசியனாக இருந்தார். சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். மெலிந்த உடம்பு, நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர். நான் அதே கட்டடத்தின் ஸ்டோரில் சாமான் கொடுக்கும் பொறுப்பில் இருந்தேன். என் குடும்பம் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தது. சுற்றிலும் மலையாளம் பேசுகிறவர்களுக்கு நடுவே நாங்கள் இருவரும் தமிழ் பேசினோம். அதனாலேயே, "ரெண்டு பேரும் ஒரே நாட்டுக்காரங்க, உள்ளுக்குள்ள ஒத்துப்போவாங்க" என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, மற்றவர்களைவிட அவரிடம் நான் கூடுதல் கறாராக இருந்தேன்.

என் சுபாவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளந்து போட்டுவிட்டு, ஆறு ஒழுங்காக எடுத்துக்கொண்டதா என்றும் நின்று பார்க்கிறவள்.

அந்தக் காலத்தில் எங்கள் ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. ஃபியூஸ் ஆன பல்பைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதுப் பல்பு. கொண்டுவரும் பல்பை நான் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பேன். உள்ளே அறுந்த கம்பி கண்ணாடியில் மோதிக் கிணுகிணு என்று சத்தம் கேட்டால் ஃபியூஸ் என்று ஒப்புக்கொள்வேன். சத்தம் கேட்காவிட்டால் திருப்பி அனுப்புவேன். சிலர் பழைய பல்பையே இரண்டு தடவை கொண்டுவருகிறார்களோ என்ற ஐயத்தில், புதுப் பல்பு ஒவ்வொன்றின் கண்ணாடிக் கழுத்திலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைக்க ஆரம்பித்தேன்.

அண்ணாச்சி முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். கௌண்டரில் பல்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மேடம், இதுக்குப் பொட்டு வச்சிருக்கியளா? கண்ணாடியில வச்சா சூட்டுல கருகிப் போயிரும் கேட்டோ. பித்தளை மூடியில வைங்க. அங்க கொஞ்சமாவது நிக்கும்."

திருடனைப் பிடிக்கத் திருடனே யோசனை சொல்வானா என்று எனக்கு உடனே தோன்றியது. யோசனை என்னவோ நல்ல யோசனைதான். அதனால் மூடியில் பொட்டு வைத்தேன். ஆனால் பொட்டுக்கு அடியில் ஊசியால் ஒரு எண்ணையும் கீறி வைத்தேன். அதை அவரிடம் மட்டுமல்ல, யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் அவரிடம் கேட்டேன். "இவ்வளவு சூட்டுல ஒரு மயிரிழைக் கம்பி எப்படி எரிஞ்சு சாம்பலாகாம இருக்கு? இதுல ஏதோ ஏமாத்து இருக்கு அண்ணாச்சி."

"ஏமாத்துதான் மேடம். தீயைத்தான் ஏமாத்துதாங்க" என்றார். கரண்ட் அந்த ஒல்லிக் கம்பிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போவதால் கம்பி சூடேறி வெள்ளையாக ஒளிவிடுகிறது. டங்ஸ்டன் என்பதால் அந்தச் சூட்டிலும் உருகாது. ஆனால் எரிவதென்றால் காற்று வேண்டும். பல்புக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, எதனோடும் சேராத ஒரு சோம்பேறி வாயுவை நிரப்பியிருக்கிறார்கள். "தீக்குத் தீனி போடாம அடைச்சு வச்சிருக்கு. சூடு இருக்கு, வெளிச்சம் இருக்கு, தீ மட்டும் இல்ல" என்றார்.

"நீங்க உள்ள போய்ப் பாத்தீங்களா?" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. மறுநாள் ஒரு நல்ல பல்பை எடுத்து, ஈரத்துணியில் சுற்றிப் பிடித்து, முக்கோண அரத்தால் கழுத்தில் மெல்லத் தேய்த்தார். குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை விழுந்தது. "உஸ்" என்று மெல்லிய சத்தம் கேட்டது. என்னை வாசலுக்கு அப்பால் நிற்கச் சொல்லிவிட்டு ஸ்விட்சைப் போட்டார். கண் கூசும்படி ஒரு மின்னல் அடித்தது. அடுத்த நொடியே பல்புக்குள் வெள்ளைப் புகை சுருண்டு கண்ணாடியில் மாவு பூசினாற்போலப் படிந்தது. கம்பியைக் காணோம்.

"இதுதான் எரியுதது மேடம். மத்ததெல்லாம் வெறும் சூடு."

கண்ணால் பார்த்த பிறகும் அன்று நான் சொன்னது என்ன தெரியுமா? "ஒரு பல்பு வீணாப் போச்சே, இதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றேன். சொந்தப் பணத்தில் வாங்கியது என்று சொல்லிப் பல்பின் மூடியைக் காட்டினார். பொட்டு இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கம் சந்தேகத்தைப் போக்குவதில்லை, கொஞ்ச நேரம் உட்கார வைக்கிறது, அவ்வளவுதான்.

விடாமல் கேட்டேன். "எரியவே இல்லைன்னா அப்புறம் ஏன் ஃபியூஸ் ஆகுது?"

என் கூடையில் கிடந்த ஒரு பழைய பல்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடிக்குள் புகை படிந்தாற்போல் கறுப்பாக இருந்தது. "இது புகை இல்ல. கம்பியேதான். சூட்டுல கொஞ்சங் கொஞ்சமா ஆவியாப் போயி இங்க ஒட்டிக்கிடும். எந்த இடம் மெலியுதோ அங்க சூடு கூடும். கூடக்கூட இன்னும் மெலியும். ஒரு நாள் ஸ்விட்சைப் போட்ட உடனே அறுந்துரும். கரண்டோட அழுத்தத்தைப் பாதியாக் குறைச்சுட்டா வெளிச்சம் குறையும், ஆனா பல்பு நம்ம ஆயுசுக்கும் நிக்கும்."

கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கவே இல்லை. வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு வேலை இருந்திருக்காது.

எங்கள் கட்டடத்தில் ஒரு பின்படிக்கட்டு உண்டு. ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் விளக்கு எரிந்தால்தான் படி தெரியும். அதன் பல்பு, வளைந்து போகும் படிகளுக்கு நேர் மேலே, இரண்டு ஆள் உயரத்துக்கு அப்பால் தொங்கியது. படிக்கட்டில் ஏணி சமமாக நிற்காது. அது ஃபியூஸ் ஆகும்போதெல்லாம் ஒருவர் கீழ்ப்படியில் ஏணியைத் தோளால் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் ஏற வேண்டும். அப்படி ஏறிய ஒரு காலையில் சுகுமாரன் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. கீழே ஏணியைத் தாங்கி நின்றவர் அண்ணாச்சி.

சுகுமாரன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அண்ணாச்சி ஸ்டோருக்கு வந்து படிக்கட்டின் ஃபியூஸ் பல்பைக் கொடுத்து, பதிலுக்கு இரண்டு நூறு வாட் பல்பு கேட்டார்.

"படிக்கட்டுக்கு ஒரு ஹோல்டர்தானே அண்ணாச்சி? ரெண்டு எதுக்கு?"

"ரெண்டும் அங்கதான் மேடம் போகுது. ஒண்ணுக்கு ஒண்ணு துணையா இருக்கட்டும்."

அவர் முகம் அன்று சரியில்லை. அதனால் இரண்டாவது பல்பை ஒரு சீட்டின் பேரில் கொடுத்தேன். "ஃபியூஸ் ஆன பல்பைப் பின்னர் ஒப்படைப்பேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பல்பு திரும்பி வரவே இல்லை. ஒரு வருஷம் ஆயிற்று, இரண்டு வருஷம் ஆயிற்று. கட்டடத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஃபியூஸ் ஆன பல்புகள் என் கூடைக்கு வந்துகொண்டிருந்தன. பின்படிக்கட்டிலிருந்து மட்டும் ஒன்றுகூட வரவில்லை. ஒரு பொருள் அடிக்கடி கெட்டுப்போனால் சந்தேகப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கெடவே இல்லை என்று சந்தேகப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போய்ப் பார்த்தேன். பல்பு எரிந்தது. ஆனால் மற்ற பல்புகள் போல வெள்ளையாக இல்லை. செங்காவியாக, சோர்ந்துபோன வெளிச்சம். படி தெரிந்தது, அவ்வளவுதான். உடனே மனதுக்குள் வழக்கைத் தீர்த்துவிட்டேன். புதுப் பல்புகள் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, இங்கே ஏதோ மட்டரகமான பல்பை மாட்டி வைத்திருக்கிறார்!

இதோடு நின்றேனா? என் தங்கை மகள் கல்யாணத்துக்கு அழைக்கிற சாக்கில் கரமனையில் அவர் வீட்டுக்கே போனேன். அவருடைய மனைவி சுப்பம்மாள் அக்காள் காப்பி கொடுத்தார்கள். நான் ஒவ்வொரு அறையிலும் அண்ணாந்து பார்த்தேன். இரண்டு பல்புகள் எரிந்தன. ஆனால் என் பொட்டு மூடியில் அல்லவா இருக்கிறது? மூடி ஹோல்டருக்குள் அல்லவா போய்விடுகிறது? கழற்றாமல் தெரியாது. மூடியில் பொட்டு வைக்கச் சொன்னதே இதற்காகத்தான் என்று அன்று எனக்கு முழு நிச்சயம் வந்துவிட்டது. பனைமரத்தடியில் உட்கார்ந்து பால் குடித்தாலும் கள் என்பார்கள். அவர் பனைமரத்தடியில்கூட உட்காரவில்லை.

மறுநாள் பொறியாளருக்குக் குறிப்பு எழுதினேன். இரண்டு பல்புகளின் எண்களையும் குறிப்பிட்டேன், 41, 42. "நெருப்பில்லாமல் புகையாது" என்றும் ஒரு வரி சேர்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அண்ணாச்சிக்கு மெமோ போனது. "இரண்டு பல்புகளும் அந்தப் படிக்கட்டிலேயே எரிகின்றன" என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தார். பொறியாளர் படிக்கட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஒரு பல்புதான் தெரிந்தது.

அன்று மத்தியானம் அண்ணாச்சி கௌண்டருக்கு வந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து நான் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டேன்.

"மேடம், நீங்க எழுதினதுல தப்பில்ல. ஸ்டோர்ல இருக்கவங்க சந்தேகப்படத்தான் செய்யணும். ஆனா ஆளை ஏத்திப் பாக்கச் சொல்லிராதீங்க. அது ஒண்ணுதான் கேக்கேன்."

"மடியில கனமில்லைன்னா வழியில பயமெதுக்கு அண்ணாச்சி?"

"எனக்கு என்ன பயம் மேடம். ஏறுதவனுக்குல்லா பயம்" என்றார். சொல்லிவிட்டு ஒரு ஸ்விட்சுக்குச் சீட்டுக் கொடுத்து, வாங்கிக்கொண்டு போனார்.

இதைவிடத் தெளிவான ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா என்று நான் நினைத்தேன். ஏணி வைத்து ஏறிப் பார்க்க யாரும் முன்வரவில்லை. சுகுமாரன் விழுந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். மெமோ மட்டும் அவருடைய கோப்பில் தங்கிவிட்டது. அடுத்த வருஷம் அவருக்கு வர வேண்டிய ஃபோர்மேன் பதவி வேறொருவருக்குப் போனது. எலக்ட்ரீசியனாகவே ஓய்வு பெற்றார். கடைசி நாளில் எல்லா மேசைக்கும் போய்க் கைகூப்பி விடைபெற்றவர், என் கௌண்டருக்கும் வந்தார். "வரட்டா மேடம். பொட்டு வைக்கிறதை விட்டுராதீங்க" என்றார். கேலி செய்கிறாரோ என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

அதன் பிறகு நானும் ஓய்வு பெற்றேன். கட்டடம் முழுவதும் எல்இடி வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அண்ணாச்சியைச் சில சமயம் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்ப்பேன். அவர் பேசுவார். நான் பஸ் வந்துவிட்டதென்று ஓடுவேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் தடியை ஊன்றி சுகுமாரன் நின்றிருந்தார். உள்ளே சுப்பம்மாள் அக்காள் என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அன்னைக்கு எங்க பல்பையெல்லாம் அண்ணாந்து பாத்துக்கிட்டே காப்பி குடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? நீங்க வருவீங்கன்னு அவுகளுக்கு முன்னாடியே தெரியும். 'அந்த அம்மா வருவாவ, எல்லா லைட்டையும் போட்டு வை, தேடுதவங்களுக்கு வெளிச்சம் வேணும்லா'ன்னு சொன்னாவ."

அக்காள் அழுதுகொண்டே சிரித்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் சுகுமாரன் சொன்னார். "மேடம், பின் ஸ்டெப்புல ரெண்டு பல்பு உண்டு. ஒண்ணு தொங்குது. மத்தது மேலே, வயர் போற மரப்பெட்டிக்கு உள்ளே. ரெண்டையும் சீரீஸ்ல, ஒண்ணு வழியா மத்ததுக்குக் கரண்ட் போற மாதிரி, கொடுத்திருக்காரு. அழுத்தத்தைப் பங்கு வச்சதுனால ரெண்டும் பாதி அழுத்தத்துல எரியும். பின்னே ஃபியூஸே ஆகாது. நான் ஆஸ்பத்திரியில கிடக்கும்போ, ஒரு ஞாயித்துக்கிழமை அவரே ஏறிச் செஞ்சாரு. 'இனி இங்க எவனும் ஏற வேண்டாம்'னு. வெளியே தெரிஞ்சா, வெளிச்சம் போதாது, மாத்துன்னு சொல்வாங்க. மாத்தணும்னா ஒருத்தன் ஏறணும். அதனால என் இடுப்பு மேலே சத்தியம் வாங்கிட்டாரு, யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு."

நான் அதையும் நம்பவில்லை. இறந்தவரைப் பற்றித் தோழர் நல்லபடியாகத்தானே சொல்வார்?

என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. "பரவாயில்ல மேடம். இப்போ அங்கே பெயிண்டிங் நடக்குது. சாரம் கட்டியிருக்காங்க. ஏணி வேண்டா. போய்ப் பாருங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை போனேன். பின்படிக்கட்டில் அடியிலிருந்து உச்சிவரை இரும்புக் குழாய்ச் சாரம் நின்றது. சங்கரன்கோவிலிலிருந்து வந்த பெயிண்டர் ஒருவர் மேலே சுரண்டிக்கொண்டிருந்தார். செங்காவி வெளிச்சம் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. கட்டடமெங்கும் எல்இடி மாட்டியவர்கள் இங்கே ஏறவில்லை. இது ஃபியூஸ் ஆகவும் இல்லை. பெயிண்டர் டீ குடிக்க இறங்கும்வரை நான் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் ஆயிருக்கும்.

"அங்க எத்தனை பல்புப்பா இருக்கு?" என்றேன்.

"ரெண்டும்மா. பெட்டிக்குள்ள ஒண்ணு ஒளிஞ்சு எரியுது. சாயங்காலம் கழட்டணும்னு சொல்லியிருக்காங்க. உங்களுக்கு வேணுமா?"

சாயங்காலம்வரை இருந்தேன். அவர் ஆறவைத்துக் கழற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். கண்ணாடியில் கறுப்பே படியவில்லை. மூடிகளைத் திருப்பினேன். இரண்டிலும் சிவப்புப் பொட்டு. மற்ற பல்புகளில் அது கருகித்தான் திரும்பும். இவற்றில் பூசிய அன்று போல இருந்தது. யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள் என்று, கடைசியாக ஒரு முறை, சந்தேகப்பட்டேன். நகத்தால் பொட்டைச் சுரண்டினேன். அடியில் என் ஊசிக் கீறல்: 41. இன்னொன்றில் 42.

தவறு என்னுடையது. அவர் கோப்பில் இருக்கும் மெமோவுக்கு ஆதாரமில்லை என்று அந்த அலுவலகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அதனால் அவருக்கு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. தான் கள்ளன் இல்லை என்று நிரூபிக்க அவருக்கு ஒரே ஒரு ஆளை ஏணியில் ஏற்றியிருந்தால் போதும். அவர் ஏற்றவில்லை. அத்தனை வருஷமும் என் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கினார்.

அண்ணாச்சி, நீங்கள் கேட்டுக்கொண்டபடி நான் யாரையும் ஏற்றவில்லை. அந்தப் பெயிண்டர் தன் வேலைக்கு ஏறியவர். அவராக இறங்கும்வரை காத்திருந்துதான் கேட்டேன். நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டையும் தீர்த்துவிட்டேன். வழக்கப்படி இரண்டு பல்புகளையும் காதருகே வைத்து ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்தேன். வெகுநேரம் குலுக்கினேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. போய் வாருங்கள்.